கயிற்றின் ஒரு முனை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால்கூட இந்த வாரம் வாய் திறக்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று நினைக்கிறேன். முதலில் ஒரு திருத்தம். எழுபத்து நான்கு வயதில் நான் மொட்டைமாடியில் ஸ்கிப்பிங் ஆடுவதாக உன் சித்தி உன்னிடம் சொன்னாளாம். தவறு. நான் குதிக்கவில்லை. கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துச் சுற்றுகிறேன், அவ்வளவுதான். மறுமுனை கீழ்வீட்டுத் தையல்காரரிடம். நடுவில் குதிப்பது அவர் மகள் சின்னு, பதினோரு வயது.

பள்ளிக்கு வந்த டாக்டர், அவள் எடை வயதுக்கு மிக அதிகம், ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, இன்னும் நோயில்லை, தினம் ஒரு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க ஓடியாடினால் திரும்பிவிட வாய்ப்புண்டு என்று எழுதிக் கொடுத்தார். தையல்காரர் அந்தச் சீட்டோடு என் எதிரே உட்கார்ந்து, "எல்லாம் என் கைவேலைதாம்மா" என்றார். பிள்ளை மனசு நோகக்கூடாதென்று மாதாமாதம் சீருடையின் உள்தையலைப் பிரித்து விரலகலம் தளர்த்தி வைத்தாராம். சட்டை ஒருநாளும் இறுக்கவில்லை, அதனால் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை, அவளும்தான். பழியை வேறு யார் தலையிலும் கட்டாமல் சொன்னாரே, அந்த மனிதரை எனக்கு அன்றே பிடித்துவிட்டது.

பள்ளியில் விளையாட்டு நேரம் வந்தால் பூசணி என்று சிரித்து அவளைப் பைகளுக்குக் காவல் வைப்பார்களாம். அதனால்தான் மொட்டைமாடி. முதல் நாள் நான்கு குதி, பிறகு "போங்க, எனக்கு வராது" என்று உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் நான் கூப்பிடவில்லை, அவளே கயிற்றோடு வந்து கதவைத் தட்டினாள். இப்போது ஒரே மூச்சில் அறுபது. கலர் பாட்டில்களை வீட்டுக்குள் வரவிடுவதில்லை. நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்திருக்கும் அப்பாவையும் விடுவதில்லை. "தொப்பைய உள்ள வச்சிட்டுக் குதிங்கப்பா, கயிறு மாட்டுது" என்கிறாள். எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனால் மூன்று மாடியும் நிற்காமல் ஏறுகிறாள். எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், இப்படியொரு பிடிவாதக்காரியைப் பார்த்ததில்லை. அடுத்த மாதம் மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். அதை நினைத்துப் பயப்படுகிறாள், பயந்துகொண்டே குதிக்கிறாள்.

நேற்று மூச்சு வாங்கிக்கொண்டே, "அக்காவும் சின்ன வயசுல குதிச்சிருந்தா சர்க்கரை வந்திருக்காதா?" என்று உன்னைப் பற்றிக் கேட்டாள். நீயும் அப்போது அவளைப் போலத்தான் இருந்தாய். படிப்பு கெடும் என்று ஒவ்வொரு பருவமும் உன்னை விளையாட்டிலிருந்து விலக்கச் சொல்லிப் பள்ளிக்குக் கடிதம் எழுதியவள் நான்தானே. அதையும் மறைக்காமல் அவளிடம் சொன்னேன். "அப்ப அக்காகிட்டயே கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும். மாத்திரையை வேளை தவறாமல் போடு, சாயங்காலம் கொஞ்சம் நட. அவள் கேட்டதற்கு உன் மனதில் உள்ள பதிலை எழுதி அனுப்பு. போனில் சொல்லாதே, போனில் என் மனம் நோகாதபடிதான் பேசுவாய். கடிதமாகவே எழுது.

உன் அம்மா