பதினேழாம் மரமா, முப்பத்தொன்றாம் மரமா

என் அன்பு மாப்பிள்ளை தங்கராசு,

உன் கருமாதி முடிந்து இன்று நான்காம் நாள். என் தங்கை சரோஜாவை உனக்குக் கட்டிக்கொடுத்த பிறகும் நாம் நீ, நான் என்றுதான் பேசிக்கொண்டோம். இப்போதும் அப்படியே எழுதுகிறேன்.

நான் இன்னும் அழவில்லை. மார்வலி என்று உட்கார்ந்தவன் எழவே இல்லை என்று ஆள் வந்து சொன்னபோதும் அழவில்லை, உன்னைத் தூக்கிய அன்றும் அழவில்லை. சரோஜா ஒரு பக்கம் விழுந்து கிடக்கிறாள், நான் அடுத்து யாருக்குக் காப்பி கொடுக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். கல்நெஞ்சுக்காரன் என்று உன் பெரியம்மா சொன்னதாகக் கேள்வி. இருக்கலாம்.

எண்ணெய் ஆலைக்குப் போகிறேன், செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிகளை எடை போடுகிறேன், வந்து சாப்பிடுகிறேன். எதிலும் ருசி இல்லை. நம் நாட்டிலேயே செய்தது என்று நீ வாய் ஓயாமல் பேசிய தேசியக் கார் ஒன்று நேற்று புக்கிட் ரோத்தான் கடைத்தெருவில் நின்றது. சிவப்பு நிறம். பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

உனக்கு எழுத வேண்டியது நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றித்தான். தோட்டத்துக் கள்ளுக்கடையில் எண் போட்ட எல்லாத் தென்னை மரத்துக் கள்ளையும் ஒரே பீப்பாயில் கொட்டிவிடுவார்கள். "கலந்துட்டா எந்த மரம் நல்ல மரம்னு எப்படிலா தெரியும்?" என்று ஆரம்பித்தவன் நீ. கள் இறக்கும் சின்னையாவைக் கெஞ்சிக் கூத்தாடி, மரத்துக்கு ஒரு போத்தல் என்று தனியாக வாங்க வைத்தாய். காலை பத்து மணிக்கு லோரிக்காரன் பெருமாள் வீட்டு மாமரத்தடி. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஜோசப் மறைவில் வைத்து ஊற்றி, நான்கு மங்குக் குவளைகளை நம் முன்னால் வைப்பார். எதில் எந்த மரம் என்பது அவருக்கும் அவர் நோட்டுப் புத்தகத்துக்கும்தான் தெரியும். ஜெயித்த மரத்துக் கள் அந்த வாரம் முழுக்க நம் கூட்டத்துக்கு மட்டும், கலப்பில்லாமல்.

பெருமாளுக்கு எந்தக் குவளையைக் கொடுத்தாலும் "இதாண்டா ராஜா" என்பான். அவன் சொல்வதை ஜோசப் எழுதுவதே கிடையாது. ஆகவே தீர்ப்பு எப்போதும் நம் இருவருடையது. "மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே நாக்கு" என்று ஜோசப் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

மாப்பிள்ளை, இதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. ஆற்றோரத்து மரம் லேசாக உப்புக் கரிக்கும், மேட்டு மரம் தித்திக்கும் என்று நான் அளந்ததெல்லாம் உன் வாயிலிருந்து பொறுக்கியது. நான் குடித்துவிட்டு உன் முகத்தைத்தான் பார்ப்பேன். உன் வலது புருவம் கொஞ்சம் ஏறினால் அதுதான் நல்ல மரம் என்று முந்திக்கொண்டு சொல்வேன். நீ உடனே தலையாட்டுவாய்.

கடைசி ஞாயிறு மட்டும் பதினேழாம் மரமும் முப்பத்தொன்றாம் மரமும் இழுபறி ஆனது. உன் புருவம் அசையவில்லை. நான் இதைக் குடித்தேன், அதைக் குடித்தேன், மறுபடி இதையும் அதையும் குடித்தேன். இரண்டு குவளையும் காலி. "அடுத்த வாரம் பாத்துக்கலாம் மச்சான்" என்றாய். புதன்கிழமை நீ இல்லை.

படையலில் செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் அல்லவா? கருமாதியன்று காலை சரோஜா என்னிடம் வந்தாள். "அண்ணே, அவரு மரத்துக் கள்ளுதான் வைக்கணும். வேற எதையோ வச்சு அவரை ஏமாத்தக் கூடாது."

சின்னையா இரண்டு மரத்துக் கள்ளையும் தனித்தனிப் போத்தலில் கொண்டுவந்தார். பெருமாள் நம் முக்காலிகளை உன் வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டான். ஜோசப் இரண்டு குவளையை என் முன்னால் வைத்தார். "கோவிந்தன் சொன்னா தங்கராசு சொன்ன மாதிரி" என்றான் பெருமாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முதல் குவளையைக் குடித்தேன். பச்சைத் தண்ணீர். இரண்டாவதும் பச்சைத் தண்ணீர். பழக்கம் போகுமா, நீ உட்காரும் பக்கம் திரும்பினேன். உன் முக்காலி காலியாகக் கிடந்தது.

பொய் சொல்லியிருக்கலாம். உன் கடைசிச் சோற்றில் கை வைக்க மனம் வரவில்லை. "எனக்குத் தெரியலம்மா. நான் என்னிக்குமே மாப்ள மூஞ்சியைப் பாத்துத்தான் சொன்னேன்" என்றேன்.

சரோஜா என் பக்கம் திரும்பினாள். "என்னண்ணே சொல்றீங்க? மோட்டார் சைக்கிள்ல விழுந்து மண்டையில அடிபட்டாரே, அதிலேருந்து அவருக்கு வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது. வெளியே சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரு. 'மச்சான் எதை ரெண்டாவது வாய் குடிக்கிறானோ அதான் நல்ல மரம்'னு சொல்வாரு. உங்களைப் பாத்துத்தான் சொன்னாரு."

ஜோசப் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார். அந்த விபத்து நடந்து மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருடமாக எனக்காகவா நீ புருவத்தை உயர்த்தினாய்? ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்பதற்காகவா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

சரோஜாதான் இரண்டு போத்தலிலும் மிஞ்சியிருந்ததை ஒரே டம்ளரில் கலந்தாள். நம் கூட்டத்தில் எவனும் செய்யாத காரியம். அதைத்தான் உன் படத்துக்கு முன்னால் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை.

பூசை முடிந்ததும் டம்ளரை என்னிடம் நீட்டினாள். வெயில் ஏறி, நேரமாகிவிட்ட கள். நான் யார் முகத்தையும் பார்க்காமல் குடித்தேன். புளித்தது மாப்பிள்ளை. பல் கூசுகிற மாதிரி நன்றாகப் புளித்தது. பதினாறு நாளில் என் நாக்குக்குத் தெரிந்த முதல் ருசி அதுதான். அப்போதும் அழவில்லை. ஆனால் டம்ளரைக் கீழே வைக்காமல் வெகுநேரம் நின்றேன்.

வரும் ஞாயிறு கூட்டம் உண்டு. உன் முக்காலி அதே இடத்தில் இருக்கும். நான் அதற்கு முதுகு காட்டி உட்காருவேன். பதினேழா, முப்பத்தொன்றா என்று என் வாய்க்குப் பட்டதை நானே சொல்வேன், தப்பாக இருந்தாலும் சொல்வேன். இது உன் மேல் சத்தியம்.

உன் முகம் பார்த்தே குடித்துப் பழகிய மச்சான்,
கோவிந்தன்