ஜெசி குடிக்காத கஷாயம்

சேசு மரி சூசை துணை

தாராவி, பம்பாய்
1985 ஜூலை, செவ்வாய் மத்தியானம்

பிரியமுள்ள லூர்துக்கு, தனசீலன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நம்ம ஜெசிக்குச் சுகமில்லை. மழையில் நனைந்து தடுமமாக ஆரம்பித்தது. இப்போது நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விட்டால் விசில் மாதிரி கேட்கிறது. காய்ச்சல் இறங்கினபாடில்லை. டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார். ஆனால் சூடாக ஏதாவது உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கணும், இப்படி ஒன்றும் குடிக்காமல் கிடந்தால் நாளைக் காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கே பிள்ளைகள் வார்டில் ராத்திரி தாய்மாரைத் தவிர யாரையும் தங்க விடமாட்டார்களாம். சாயங்காலம் மணி அடித்தால் அப்பன்மார் வெளியே போய்விட வேண்டும்.

அதனால் கஷாயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். மில் மூடுகிறவரை தறி ஓட்டின கைக்கு இது புது வேலை. சுக்கைத் தோல் சீவித் தட்டினேன். மிளகும் கொத்தமல்லியும் வறுத்துப் போட்டேன். நீ டால்டா டின்னில் வைத்துவிட்டுப் போன ஓமவல்லி மழைக்குத் தழைத்துக் கிடக்கிறது, அதிலும் கிள்ளிப் போட்டேன். கருப்பட்டி கரைத்து வடிகட்டிக் கொண்டுபோனால், வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். காரமோ என்று மிளகைக் குறைத்தேன். நெடியோ என்று ஓமவல்லியை விட்டேன். பக்கத்து வீட்டு சைனப் அக்கா சித்தரத்தை சேர்க்கச் சொன்னார். எதிர்வீட்டு மராத்திக்காரம்மா சாயாவில் போடுகிற வாசனைப் புல்லைக் கட்டாகக் கொண்டுவந்து தந்தார். தாராவியில் இருக்கிற வைத்தியமெல்லாம் நம்ம அடுப்பில் கொதித்தாயிற்று, போ! நீ செய்கிற மாதிரி முதல் மடக்கை நான் குடித்துக் காட்டினேன். நீங்களே குடிங்க என்கிறாள். கோபத்தில் டம்ளரைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தேன். அப்புறம் நானே போய்ப் பொறுக்கி வந்து கழுவினேன்.

போன கடிதத்தில், அந்தக் குவைத் வீட்டுப் பையன் உன் சுக்குத் தண்ணியைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறான் என்று எழுதியிருந்தாய். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது, சைனப் அக்காவுக்குக்கூட வாசித்துக் காட்டினேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. நீ என்ன செய்வாய், பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுதானே அங்கே உன் வேலை. ஆனாலும் வயிறு எரிகிறது லூர்து, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்று காலையில்தான் விஷயம் தெரிந்தது. சைனப் அக்கா இவளை மடியில் போட்டுக்கொண்டு, ஏன் குடிக்க மாட்டேங்கிற என்று நயமாகக் கேட்டிருக்கிறார். அதைக் குடித்தால் தூக்கம் வரும், தூங்கி எழுந்தால் அப்பாவும் இருக்கமாட்டாங்க என்றாளாம்.

நீ கிளம்பின அன்றும் இவளுக்குத் தடுமம்தானே. விழித்திருந்தால் விடமாட்டாள், தூங்கும்போதே புறப்பட்டுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். வெளிநாடு போகிற வீட்டிலெல்லாம் நம்ம சனங்கள் அப்படித்தானே செய்கிறார்கள்? நீயும் கஷாயம் கொடுத்து, மடியில் போட்டுத் தட்டி, தூங்கினதும் பெட்டியை எடுத்தாய். எழுந்து பார்த்தால் டம்ளர் இருந்தது, நீ இல்லை. இத்தனை மாதமும் அதை மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள், பாவி மக. சுக்கிலும் மிளகிலும் குற்றம் தேடிக்கொண்டிருந்த என்னை என்ன சொல்ல!

நான் எங்கேயும் போகமாட்டேன் என்று மாதா படத்தின் மேல் கை வைத்துச் சொன்னேன். நம்பவில்லை. கடைசியில் அவளுடைய ஸ்கூல் ரிப்பனை எடுத்து, என் இடது கையையும் அவள் கையையும் சேர்த்துக் கட்டினேன். அது செல்லாதாம். அவிழ்த்துவிட்டு, அவளே பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். அதன் பிறகுதான் டம்ளரை வாங்கினாள். பாதி குடித்தாள். ஆறிப்போனதை மறுபடி சுட வைக்க முடியவில்லை, எழுந்தால்தானே. தூங்கிவிட்டாள். உடம்பு இன்னும் கொதிக்கிறது, விசிலும் நிற்கவில்லை. எனக்கு ஒன்றுக்குப் போகணும், அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை சைனப் அக்காதான் தபாலில் சேர்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் தாய் என்று பொய் சொல்லித் தங்கவும் அக்கா தயாராக இருக்கிறார். ஆனால் கண்ணைத் திறந்து நான் இல்லையென்றால் இவள் இனிமேல் யார் கையால் எதைக் குடிப்பாள்? யோசிக்க யோசிக்கப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. புதன்தோறும் போகிற மாஹிம் மாதா கோயில் நவநாள் ஜெபத்துக்கும் நாளைக்குப் போக முடியாது. நீ அங்கிருந்தே மாதாவிடம் சொல்லு. உன் வாய்க்குக் கேட்பாள்.

நாளைக்கு ஆஸ்பத்திரி என்று ஆகிவிட்டால், இந்தக் கடிதத்துக்கு முன்னால் உனக்குத் தந்தி வந்திருக்கும். வரவில்லையென்றால் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று தெரிந்துகொள், பயப்படாதே. உன் பாஸ்போர்ட் அந்தக் குவைத் வீட்டுக்காரர்கள் கையில் இருப்பதும் எனக்குத் தெரியும். தந்தி வந்தாலும் வராவிட்டாலும் ஊருக்கு வர அந்த வீட்டம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார். எங்கள் ஊர் வார்டில் தாய்மாரைத்தான் விடுவார்கள் என்று மட்டும் சொல்லு. அவரும் பிள்ளை பெற்றவர்தானே.

வேளைக்குச் சாப்பிடு. ஏசி காற்றில் தலை ஈரத்தோடு நிற்காதே. மாதா உன்னைக் கைவிடமாட்டாள். இவள் விழிக்கும்போது நான் இங்கேதான் இருப்பேன்.

உன்
தனசீலன்