ஜூனில் வரைந்த மார்ச்

ஜூன் 4
வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் உள்ளே உட்கார்ந்து ஜனவரிப் பனியை வரைந்துகொண்டிருக்கிறேன். காலண்டருக்குப் படம் வரைகிறவள் பிழைப்பு இதுதான்; அடுத்த வருடத்துப் படங்கள் எல்லாம் ஆகஸ்டுக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். கல்யாணமான புதிதில் இவர் கிண்டல் செய்வார்: "ஊரே விசிறிக்கிட்டு உக்காந்திருக்கு, நீ மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கோ." இப்போது கட்டிலில் படுத்தபடி அதையேதான் சொல்கிறார். குரல் பாதியாகிவிட்டது.

ஜூன் 9
டாக்டர் என்னைத் தனியே அழைத்துப் போனார். "அடுத்த வருஷம் பத்தியெல்லாம் இப்ப யோசிக்காதீங்கம்மா. ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும்." வீட்டுக்கு வந்து பிப்ரவரிக்கு வர்ணம் கலக்கினேன். என் வேலையே அடுத்த வருஷம்தானே டாக்டர்? வேற எதை யோசிப்பேன்?

ஜூன் 10
ஒரு கோடுகூட வரவில்லை.

ஜூன் 17
மார்ச் தாள். எங்கள் வாசல் மரம் பூப்பது மார்ச்சில்தான். வருடா வருடம் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பென்சிலில் போட்டு வைத்துக்கொள்வேன்; காலண்டர் அச்சானதும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவேன். இந்த வருடம் அந்த மாதம் முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் கழிந்தது. திரும்பி வந்தபோது பூவெல்லாம் வாசலில் மக்கிக் கிடந்தது. காரிலிருந்து இறங்கும்போதே இவர் சொன்னார்: "போனாப் போகுது. அடுத்த மார்ச்சுல இந்த ஜன்னலை விட்டு நகர மாட்டேன்." அந்த மார்ச்சைத்தான் இப்போது ஞாபகத்திலிருந்து வரைகிறேன். இவருக்கு அது கிடைக்குமா?

ஜூன் 19
சண்டை. பூக்களுக்கு நடுவே கொஞ்சம் பச்சை வைத்திருந்தேன். இவர் தலையணையில் சாய்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.
"பூக்கும்போது அதுல இலை ஏது?"
"இருக்கும்."
"வாசல் கூட்டறவன் நான். இலை மொத்தமும் கொட்டின அப்புறம்தான் பூ விழும்."
"படம் வரையறவ நான்."
"சரி, மார்ச்சு வரட்டும். யார் சொன்னது சரின்னு பார்த்துடலாம்."
பார்த்துடலாமாம் — எவ்வளவு சுலபமா சொல்லிட்டார். தண்ணீர் மாற்றுகிற சாக்கில் கிண்ணத்தோடு சமையலறைக்குப் போய் அழுதேன். தெரிஞ்சுதான் சொல்றாரா, தெரியாமலா?

ஜூலை 2
இலைகளை எடுத்துவிட்டேன். இவர் சொன்னபடியே இருக்கட்டும். படத்தைக் காட்டியபோது சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். படத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 3
காலையில் கஞ்சி கொடுக்கும்போது சொன்னார். "எதுலயும் நீ எனக்கு விட்டுக்கொடுத்ததில்லையே. நேத்து கொடுத்தியே, அதான் பயமா இருக்கு."
கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கஞ்சி ஆறிவிட்டது.

ஜூலை 11
வேண்டுமென்றே சண்டை இழுத்தேன், ஜூலைப் படத்து மேகத்தின் நிறத்துக்காக. இவரும் விடவில்லை. "மேகமா இது, அழுக்குத் துணி மூட்டை." இருவரும் சிரித்தோம். பிறகு இவருக்கு இருமல் வந்துவிட்டது.

செப்டம்பர் 21
விடாத மழை. அச்சகக்காரர் தொப்பலாக நனைந்து வந்து முதல் பிரதியைக் கொடுத்தார். படம் எதுவும் நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்திருந்தார், பாவம். இவரால் தலையைத் தூக்க முடியவில்லை. மார்ச் தாளை முகத்துக்கு நேரே பிடித்தேன். கை வலிக்கும்வரை பிடித்திருந்தேன்.
"வந்துடுச்சே" என்றார்.

அக்டோபர் 8
இவர் போய்விட்டார்.

டிசம்பர் 30
மளிகைக் கடையில், தையல் கடையில், பல் டாக்டரின் சுவரில் எல்லாம் என் காலண்டர் மாட்டியாகிவிட்டது. வரப்போகிற வருடத்தின் எல்லா மாதங்களையும் இவர் ஏற்கெனவே பார்த்து, குறை சொல்லி முடித்துவிட்டார். நான்தான் இனி ஒவ்வொன்றாக வாழ்ந்தாக வேண்டும். கோபமாக வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 22
மரம் இலை உதிர்க்கிறது. பாதிதான் உதிர்ந்திருக்கிறது. கொட்டு, எல்லாத்தையும் கொட்டித் தொலை. அவர் சொன்னது சரியா இருக்கணும்.

மார்ச் 12
பூத்துவிட்டது. மழை நீண்டுபோன வருடம் என்பதாலோ என்னவோ, கீழ்க்கிளைகளில் இலை அப்படியே நிற்கிறது. பச்சைக்கு நடுவே பூ. நான் சொன்னதுதான் சரி.
எனக்கு வேண்டாம் இந்த ஜெயிப்பு. நான் தோத்துட்டுப் போறேன், நீங்க வந்து உக்காருங்க.

மார்ச் 14
அச்சகக்காரர் போன் செய்தார். "அம்மா, அடுத்த வருஷத்துக்கு ஜனவரியை ஆரம்பிச்சுடலாமா?"
"ஜனவரி வரட்டுங்க. பார்த்துட்டு வரையறேன்."
"அப்புறம் காலண்டர் எப்படிம்மா போடறது?"
"வேற ஆளைப் பாத்துக்கோங்க."
"உடம்பைப் பாத்துக்கோங்கம்மா" என்று வைத்துவிட்டார்.
பிறகு நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு மரத்தை வரைந்தேன், இருக்கிறபடியே. வெளிச்சம் போகும்வரை எழுந்திருக்கவில்லை. சரியா தப்பா என்று சொல்லத்தான் யாரும் இல்லை.