என் கையெழுத்து, அப்பாவின் கை

14.6.88

புளியேரி காலனியில் குடிநீர்க் குழாய் திறப்பு விழா. திறந்தது நான். பேசியது அப்பா. தண்ணீர்தான் வரவில்லை.

முன்னாள் எம்.எல்.ஏ. வடிவேலு பேசினால் தாம்பரம் மார்க்கெட்டே வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கேட்கும் என்பார்கள். ஐம்பது நிமிடம் பேசினார். அப்புறம் மைக்கில், "இப்ப நம்ம தலைவர், ஐயாவோட பிள்ளை தாமோதரன் ரெண்டு வார்த்தை பேசுவாரு" என்றார்கள். சரியாக இரண்டு வார்த்தை பேசினேன். நன்றி, வணக்கம். கைதட்டல் பலமாக இருந்தது. சீக்கிரம் முடித்ததற்காக இருக்கலாம்.

பஞ்சாயத்துத் தலைவராகி இரண்டேகால் வருடம். வயது நாற்பத்திரண்டு. கிளார்க் குப்புராஜ் காலையில் ஃபைல்களை சைக்கிளில் கட்டிக்கொண்டு நேரே சேலையூரில் எங்கள் வீட்டுக்கு வருகிறார். அப்பா பார்க்கிறார். அப்பாவே என் பெயரையும் போட்டுவிடுகிறார். "உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குடா. கவர்மென்ட் காகிதத்துக்கு ஒரு மரியாதை வேணாமா?" என் பங்குக்கு ஆபீஸில் ஒரு சுழல் நாற்காலி இருக்கிறது. நன்றாகவே சுழல்கிறது.

3.11.88

நான்கு நாளாக மழை. ஆபீஸ் வாசலில் அங்காளம்மாள் வந்து நின்றார். ஏரிக்கரைக் குடிசைகளில் இருப்பவர், சித்தாள் வேலை. இடுப்பு வரை சேறு.

"இன்னா தலைவரே, ஏரிய மேடு பண்ணி பிளாட் போட்டுட்டாங்க. தண்ணி எங்க போவும்? எங்க வூட்டுக்குள்ள வந்துகினு கீது. பர்மிசன் குட்த்தது நீதானாமே?"

"நானா?"

"உன் கையெயுத்து போட்ட காயிதம் கீதே!"

பிளாஸ்டிக் பைக்குள் நகல் வைத்திருந்தார். ஏரியில் நாற்பது மனைகளுக்கு அனுமதி. என் முத்திரை. கீழே என் பெயர், நான் ஜென்மத்தில் போட முடியாத அழகில்.

"பார்க்கிறேன்" என்றேன். தலைவர்கள் சொல்கிற வார்த்தைகளில் எனக்குத் தடுமாறாமல் வருவது அது ஒன்றுதான்.

4.11.88

அப்பாவிடம் கேட்டேன். "கட்சிக்காரன் கேட்டான், குடுத்தேன். நீ போய்க் காப்பி சாப்பிடு."

போய்க் காப்பி சாப்பிட்டேன்.

9.8.90

அங்காளம்மாள் சும்மா இருக்கவில்லை. இரண்டு வருடமாக மனு மேல் மனு. இன்று காலை போலீஸ் வீட்டுக்கே வந்துவிட்டது. அரசு நிலத்தைப் பதவியைப் பயன்படுத்தி மனையாக்கிய குற்றம். கோர்ட் பாஷையில் 'எதிரி', அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், நான்.

ஜெயில் என்பது எங்கள் குடும்பத்தில் ஒரு பட்டப்படிப்பு மாதிரி. அப்பா மறியலில் மூன்று மாதம் உள்ளே இருந்தவர். அந்தக் கதையைக் கேட்காமல் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட்டு எழுந்தது கிடையாது. நான் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். சாயங்காலமே ஜாமீன். ஏட்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஐயா சௌக்கியமா?" என்று அப்பாவைத்தான் விசாரித்தார்.

வாசலில் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவ்வளவுதானா? விட்டுட்டானா?" குரலில் ஏமாற்றமா? எனக்கு அப்படித்தான் பட்டது.

21.8.90

கட்சி என்னை நீக்கிவிட்டது. அறிக்கையை எழுதிக் கொடுத்தது அப்பா என்று கேள்வி. நன்றாக எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்கே என் மேல் கோபம் வந்தது.

12.2.93

பதவிக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கேஸ் மட்டும் போகிறது. இன்று வக்கீல் சாலமோன் சாரைத் தாம்பரத்தில் பார்த்தேன். கிழக்குப் பக்கம் மாடியில் சின்ன அறை. ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக் காத்திருக்கிறார்.

"சார், கேஸ் ரொம்ப சிம்பிள். நீங்க அந்த ஆபீஸ்ல ஒண்ணுமே பண்ணலைன்னு ப்ரூவ் பண்ணிட்டா போதும்."

"அது உண்மைதானே சார்?"

"அதான் சிம்பிள்னு சொல்றேன்."

செங்கல்பட்டுக்கு ரயில் போனது. அது தாண்டும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

7.10.93

கோர்ட்டில் குப்புராஜ் சாட்சி. "தலைவர் ஃபைல் எதுவும் பார்க்க மாட்டாரா?" "மாட்டாருங்க." "அப்ப என்னதான் செய்வாரு?" குப்புராஜ் வெகு நேரம் யோசித்தார். மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவர். "பேப்பர் படிப்பாருங்க" என்றார்.

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டார். சாலமோன் சார் பேனாவைக் கீழே போட்டுக் குனிந்து தேடினார். எனக்குச் சாதகமான சாட்சியாம்.

அடுத்து நானே கூண்டேற வேண்டும். அது யார் கையெழுத்து என்று கேட்பார்கள்.

2.12.93

அப்பா கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். அவர் எதிரே நான் உட்கார்ந்து எத்தனை வருடம்?

"கையெழுத்து என்னதுதான்னு சொல்லிடு. ரெண்டு வருஷம் குடுப்பான். வெளிய வந்தா மாலையோட நிப்பாங்க. நீ ஒரு ஆளாயிடுவே. பொம்மைன்னு பேர் வாங்கித் தப்பிச்சு என்னடா பண்ணப்போறே?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரியும் இருந்தது. அதுதான் கொடுமை — நாற்பத்தேழு வயசுல, ஜெயிலுக்குப் போறதுக்குக்கூட எங்கப்பா போட்ட பிளான்! குற்றமும் அவரோடது, தண்டனையும் அவர் சொல்றது. நான் எதுக்குடா இருக்கேன் இந்த வீட்ல?

சரசுவிடம் சொன்னேன். புடவை மடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் மாமனாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று பேசினாள். "அந்தம்மா வீட்ல தண்ணி பூந்ததே, அதுக்கு யாரு ஜெயிலுக்குப் போனா என்ன? அதை யோசிச்சீங்களா ரெண்டு பேரும்?"

யோசிக்கவில்லை. ஐந்து வருடமாக என் மானத்தைப் பற்றி மட்டுமே எழுதி இந்த நோட்டை நிரப்பியிருக்கிறேன்.

16.12.93

கூண்டில் நின்றேன். அப்பா மூன்றாவது பெஞ்சில், வெள்ளை வேட்டியில். அங்காளம்மாள் கதவோரம், அதே பிளாஸ்டிக் பையோடு.

"இது யார் கையெழுத்து?"

"எங்கப்பா, வடிவேலு அவர்களுடையது."

அதோடு நிறுத்தவில்லை. யாரும் கேட்காமலே, "ஏரி பாழானது எனக்கு 88 நவம்பர்லயே தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன்" என்றேன். சாலமோன் சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது அப்பா ஒரு கட்சிக்காரர் காரில் போனார். நான் ரயிலில்.

28.4.94

விடுதலை. தீர்ப்பில் ஒரு வரி: 'எதிரி பதவியில் இருந்தாரேயன்றிப் பணியில் இருக்கவில்லை.' சரசு இரண்டு தடவை படித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்காரு" என்றாள்.

அப்பா மேல் வழக்குப் போட உத்தரவு. இருபத்தைந்து வருடம் ஊரை ஆண்டவருக்கு எழுபத்தைந்து வயதில். என்னால்.

30.8.94

அப்பாவின் முதல் வாய்தா. கோர்ட் வாசலில் இருநூறு பேர், மாலை, கோஷம். என் கேஸ் நடந்த அத்தனை நாளும் எனக்கு வந்த கூட்டம் சரசுவும் ஒரு டிபன் கேரியரும்.

தீர்ப்பு வந்த நாளிலிருந்து என்னோடு அப்பா பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துக் கேட்கிறார். நான் கொண்டுபோய் வைக்கிறேன். சுவருக்கு நன்றி சொல்வதில்லை, எனக்கும்தான்.

20.1.96

கோர்ட் பக்கம் இப்போது யாரும் வருவதில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி. வாய்தாவுக்கு ஆட்டோவில் நான்தான் அழைத்துப் போகிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பேச்சே இல்லை.

18.10.96

தேர்தல் முடிவு. ஏரிக்கரை வார்டில் அங்காளம்மாள் ஜெயித்துவிட்டார். சுயேச்சை. எங்கள் வீடும் அந்த வார்டில்தான்; நானும் சரசுவும் போட்ட ஓட்டு அதில் இரண்டு.

24.11.96

காலையில் அங்காளம்மாள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு ஃபைல். ஏரி மனைகளுக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்யும் தீர்மானம். நாளை கூட்டத்தில் வைக்க வேண்டுமாம்.

"ஆபீஸ்ல எய்தி குட்த்தாங்க. எனக்குப் படிக்க வராது. வேற யாரு படிச்சாலும் நம்பிக்க இல்ல. நீ படி, நான் கேக்கறேன். கேட்டுட்டுதான் ரேகை வைப்பேன்."

"என்னை நம்பறீங்களா?"

"கோர்ட்ல சொன்னியே, அத்த கேட்டுகினுதான இருந்தேன்."

கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். ஐந்து வருடம் தலைவராக இருந்தவன், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு ஃபைலைப் படித்தது இன்றுதான். புரியாத இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். பாதி இடத்தில் எனக்கும் புரியவில்லை. இரண்டு பேருமாகப் புரிந்துகொண்டோம்.

கடைசிப் பக்கத்தில், 'சர்வே எண் 114-ல் அடங்கிய நிலம்' என்று படித்துக்கொண்டிருந்தேன். உள் அறையிலிருந்து குரல் வந்தது. இரண்டரை வருடத்துக்குப் பிறகு.

"டேய் தாமு. நூத்திப் பதினாலு சுடுகாடு. ஏரி நூத்திப் பதினாறு. அப்படியே விட்டா நாளைக்குக் கோர்ட்ல தள்ளிடுவான்."

அங்காளம்மாள் என்னைப் பார்த்தார். "ஐயாவுக்குத் தெரியாம இருக்குமா? மாத்து" என்றார்.

அடித்துத் திருத்தினேன்.

"திருத்திட்டியா?" என்றார் அப்பா.

"திருத்திட்டேன்பா."

"மறுபடி படி. முதல்ல இருந்து."