மூன்றாவது படத்தின் வானம்

ஏரிக்கரைத் தெரு,
ஐப்பசி 9.

அன்புள்ள அனு அப்பாவுக்கு,

பிரியதர்ஷினி எழுதுவது. இன்று வரை மூவரும் நலம். நம் ஊர் விக்னேஷ் இன்று மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் உங்கள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். படத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவீர்கள் என்று செய்தியாகவும் அனுப்பவில்லை.

உள்ளே மூன்று படங்கள் இருக்கின்றன. புடவை டிசைனுக்காக இலை நரம்பு, சேற்று வெடிப்பு என்று நான் தேடித் திரிவது தெரியும்தானே? ஏரி பாதி நிறைந்தபோது, நம் வீட்டுக்குப் பின்னால் கரையின் வெளிச்சரிவில் விசிறி மாதிரி புல் விரிந்தது. நடுவில் தெளிந்த நீர்க்கசிவு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தண்ணீரிலேயே பிரஷை நனைத்து வரைந்தேன். காஞ்சிபுரத்துக் கடைக்காரர் முந்தானைக்கு அதையே எடுத்துக்கொண்டார். போட்டோ பார்த்து நீங்களும் இதயம் போட்டீர்கள்.

மூன்றாவது படம் ஏரி நிரம்பிய மறுநாள் வரைந்தது. அதே கசிவுத் தண்ணீர், அதே நீலம். வானம் மட்டும் அழுக்காக விழுந்திருக்கிறது. விரலால் தடவுங்கள், மண் நறநறக்கும். கசிவு கரையை உள்ளிருந்து அரிக்கிறது.

உங்கள் அப்பாவிடம் காட்டினேன். "முப்பது வருசம் இந்த மதகை நான்தாம்மா தொறந்து மூடினேன். ஊத்துன்னா அப்படித்தான் இருக்கும். நீ படம் போட்டுக்கினு இரு" என்றார். கரை தாங்கும் என்று ஊர்க்கூட்டத்தில் வாக்குக் கொடுத்தவர் அவர். அதை நம்பித்தான் யாரும் அதிகாரிகளுக்குச் சொல்லவில்லை.

இன்று காலை போய்ப் பார்த்தேன். கசிவின் வாயில் மண்மூட்டைகளை அடுக்கி, மேலே புல்லைப் பரப்பி மறைத்திருக்கிறார். சாக்கெல்லாம் நம் வீட்டு நெல் சாக்கு. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! கோபத்தில் அழுகை வந்தது. ஒரு முழம் தள்ளி இன்னொரு கசிவு கலங்கலாக வருகிறது.

நாளை கனமழை என்கிறார்கள். அனுவை செவிலிமேட்டில் அக்கா வீட்டில் விடலாம் என்றால், தாத்தா இல்லாமல் வரமாட்டேன் என்கிறாள். அவர் வீட்டைவிட்டுக் கிளம்பினால் ஊருக்கே விஷயம் தெரிந்துவிடும். அதனால் நகரமாட்டார்.

கடிதம் நாளை காலையில் உங்களுக்குக் கிடைத்துவிடும். இங்கே பத்து மணிக்கு நானே அதிகாரிகளிடம் போய்விடுவேன். அதற்குள் அவரே தன் வாயால் ஊரில் சொல்லிவிடட்டும். மருமகள் காட்டிக்கொடுத்தாள் என்று ஆனால், அவர் அந்தக் கரையை விட்டு இறங்கவே மாட்டார் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. திட்டாதீர்கள். வாப்பா, போய்ச் சொல்லிடலாம் என்று மட்டும் போனில் கூப்பிடுங்கள், உங்கள் குரலுக்கு எழுந்துவிடுவார்.

எழுதும்போதே தூறல் விழுகிறது. காமாட்சி இந்த ஓர் இரவுக்கு மழையைப் பிடித்து வைக்கட்டும்.

உங்கள்
பிரியதர்ஷினி