ஜேபெக் ஆன அன்னம்

அன்புள்ள மங்கைக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பின் நம் வீட்டில் ஒரு வரலாற்று முடிவு எடுத்திருக்கிறேன். நீ வரைந்த சேலை பார்டர்களின் பழைய பிசிஎக்ஸ் படக் கோப்புகள் ஐயம்பேட்டையில் உன் அண்ணனின் கணினியில் திறக்கவில்லை என்று சொல்லியனுப்பியிருந்தாய். எங்கும் திறக்கும் ஜேபெக்காக எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

அங்கே உனக்குத் தனியாகத் தறி போட்டாயிற்றாம். நல்லது.

மாற்றியதில் உன் அன்னப் பார்டரை, தறிக்கு ஜக்கார்டு அட்டையில் துளை அடிக்கும் குமரகுருவிடம் காட்டினேன். "அன்னம் பாக்க அழகாத்தான் இருக்குதுண்ணே. ஆனா ஓரமெல்லாம் கலங்கி, மூணு கலரு முந்நூறா ஆயிருக்குது. எந்த இழையத் தூக்கணும்னு அட்டைக்கு எப்படிச் சொல்றது? அண்ணிக்குப் பழசையே குடுத்துடு" என்றான்.

அண்ணி எப்போது வருவார் என்றும் கேட்டான். மழை வரும்போலிருக்கிறது என்றேன்.

கணினியில் இடம் போதவில்லை. பழைய கோப்புகளை மாற்றிய கையோடு அழித்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்