ஏலே, சேமிக்காமப் போறியா?

இன்று மதியம் துறைமுகச் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் உன் குரலைக் கேட்டேன். திரையில்தான். அங்கே டைப் செய்யும் ஜெனிபர் நாம் எழுதிய எடிட்டர் மென்பொருளை மூடப் போனாள். 'ஏலே, சேமிக்காமப் போறியா?' என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

"என்ன அண்ணாச்சி, பொம்பளையப் போயி ஏலேங்குது? எழுதினவருக்கு வீட்ல ஒண்ணும் சொல்லிக் குடுக்கலியா?"

"அவன் யாரு சொல்லியும் கேட்டதில்ல" என்றேன். அவள் சிரித்தாள்.

திருகாணிகூட உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் அந்த மாடி அறையில் இருவரும் சேர்ந்து எழுதிய எடிட்டர். எழுத்தைத் தாங்கித் திரையில் காட்டும் உள்கட்டு என்னுடையது. சி மொழியில், ஒரு வரி வீணில்லாமல் எழுதினேன். அதன்மேல் உன் ஸ்கிரிப்டுகள். எந்த விசைக்கு என்ன நடக்க வேண்டும் என்பதை யாரும் திறந்து மாற்றிக்கொள்ளலாம். குமாஸ்தாக்களிடம் அதைக் கொடுக்காதே என்றேன். கொடுத்தாய்.

ஒருவர் சரக்குப் பத்திரங்களுக்காக, சேமித்தாலே எல்லாம் பெரிய ஆங்கில எழுத்தாக மாறும்படி எழுதிவிட்டார். பிறகு மகனின் வேலை விண்ணப்பமும் அப்படியே போய்விட்டது. போனில் திட்டு வாங்கியவன் நான். நீ சிரித்தாய்.

"ஏலே, அது அவன் எடிட்டர். அவன் கெடுத்துக்கிட்டா உனக்கென்ன?"

'அவன் எடிட்டர்' என்ற அந்த ஒரு வார்த்தைக்காக மாதக்கணக்கில் உன்னோடு பேசவில்லை. இன்றும் அது தப்பான வார்த்தைதான். ஆனால் அந்த மாதங்களில் உனக்கு நோய் முற்றிக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரருக்குத் தெரியும். லாரி ஆபீசில் தெரியும். என்னிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாய். நான் மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அந்தக் கோபத்தோடுதான் சாயங்காலம் உட்கார்ந்தேன். அந்த 'ஏலே' வரியைத் தேடி அழிக்கப் பொறுமையில்லை. உன் ஸ்கிரிப்ட் கோப்புறையையே அப்புறப்படுத்திவிட்டு எடிட்டரைத் திறந்தேன். வெள்ளைத் திரை. 'அ' அடித்தேன், விழவில்லை. அம்பு விசையை அழுத்தினேன், நகரவில்லை. மூடக்கூட முடியவில்லை. ஒவ்வொரு விசையையும் என்னிடம் சொல்லாமலே உன் ஸ்கிரிப்டுகளின் பக்கம் கொண்டுபோயிருக்கிறாய். இத்தனை வருஷம் 'நான் எழுதின எடிட்டர்' என்று ஊரெல்லாம் சொன்னேனே, அதற்கு நீ வைத்திருந்த பதிலா இது? நேரில் சொல்லியிருந்தால் உன்னை அடித்திருப்பேன்.

கோப்புறையைத் திரும்ப வைத்தேன். அந்த வரியைக் கண்டுபிடித்தேன். ஜெனிபரின் ஆபீசுக்கு மட்டும், நம் ஊரில் பெண்களைக் கூப்பிடுவதுபோல 'ஏளா' என்று மாற்றினேன். உன் பக்கத்தில் நான் எழுதிய முதல் வரி அதுதான்.

என் கணினியில் 'ஏலே' அப்படியே இருக்கிறது. மூடும்போதெல்லாம் கேட்கிறது. எவனோ ஒரு குமாஸ்தா போகும்போது மறித்துக் கேட்க ஏற்பாடு செய்தவன் நீ. நீ போகும்போது மறித்துக் கேட்க எனக்கு ஏன்லே வழி வைக்கவில்லை?